காலைத் தும்மலுக்கு செட்ரிசின்: ராத்திரியே போட வேண்டிய மாத்திரை

கேள்வி: தினமும் காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், மூக்கில் நீர். மெடிக்கலில் செட்ரிசின் 10 மி.கி. வாங்கிப் போட்டால் நிற்கிறது. ஆனால் ஆபீஸில் தூக்கம் சொக்குகிறது. பாதியாகப் போடலாமா? நான்கு வயது மகளுக்குச் சளி பிடித்தால் இதையே கால் மாத்திரை தரலாமா?

பதில்: மாத்திரை சரி, நேரம்தான் தவறு. தும்மல் வந்த பிறகு போடுகிறீர்கள். அலர்ஜியின்போது உடம்பு வெளிவிட்டு, தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் பொருள் ஹிஸ்டமின். அது போய் உட்காரும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் மருந்து செட்ரிசின். ஹிஸ்டமின் தன் வேலையைக் காட்டிய பின் போனால் பலன் குறைவு. விழுங்கி ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும், பலன் 24 மணி நேரம் வரை நிற்கும். இரவு எட்டரை, ஒன்பதுக்குப் போட்டால் தூக்கம் அதிகம் வரும் நேரம் படுக்கையிலேயே கழிந்துவிடும், காலைத் தும்மலுக்கும் காவல் இருக்கும்.

பாதி மாத்திரை, அதாவது 5 மி.கி., பெரியவர்களுக்கும் ஏற்ற அளவுதான். நடுவில் கோடு இருந்தால் மட்டும் உடையுங்கள். கோடில்லாததைக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் போகும். லீவோசெட்ரிசின் 5 மி.கி. என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அது செட்ரிசின் 10 மி.கி.க்குச் சமம், குறைந்த டோஸ் என்று நினைத்து இரண்டாகப் போடாதீர்கள். இரவில் போட்டும் மந்தம் போகவில்லையா? ஃபெக்ஸோஃபெனடின் 120 மி.கி. பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதில் தூக்கம் மிகக் குறைவு. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். வெறும் தண்ணீர் போதும்.

மூக்கடைப்புக்கு செட்ரிசின் பெரிதாக உதவாது. அடைப்புதான் முக்கியத் தொல்லை என்றால் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இதைப் பலர் இரண்டு நாள் அடித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று மூலையில் போடுகிறார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் முனை கண் பக்கமாகச் சாயும். மூக்கின் நடுத் தண்டில் நேரே அடிப்பதால்தான் ரத்தம் கசிகிறது.

மகள் விஷயத்துக்கு வருவோம். வைரஸ் சளிக்கு செட்ரிசின் மருந்தே அல்ல. அலர்ஜித் தும்மல், கொசுக்கடித் தடிப்பு, காணாக்கடி என்று டாக்டர் சொன்னால் நான்கு வயதுக்கு 2.5 மி.கி.: 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ள சிரப்பில் 2.5 மி.லி. கால் மாத்திரை வேண்டாம், கையால் அத்தனை துல்லியமாக உடைக்க முடியாது. சமையலறை ஸ்பூனும் வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு பார்த்து இழுங்கள். இன்னொரு சிக்கல், வீட்டில் மிச்சமிருக்கும் சளி சிரப். அதில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் இருக்கும், அதுவும் இதே இனம். இரண்டும் சேர்ந்தால் குழந்தை எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கலாம். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

காணாக்கடியோடு உதடு, நாக்கு வீங்கினாலோ, வீசிங், தலைசுற்றல் வந்தாலோ செட்ரிசின் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. 108-ஐ அழையுங்கள்.

செட்ரிசினின் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறும். கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அதனால் டோஸைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்வார். மாத்திரை போட்ட இரவு மது கூடவே கூடாது. மறுநாள் காலை கண் சொருகினால் வண்டியை எடுக்காதீர்கள். அலர்ஜிக்குத் தோல் குத்துப் பரிசோதனை செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் தூசிப்பூச்சி அலர்ஜிகூட 'இல்லை' என்று காட்டும்.

மாதக்கணக்கில் தினமும் போடுகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும். நாள்பட எடுத்துத் திடீரென நிறுத்திய சிலருக்குச் சில நாட்களில் கடும் அரிப்பு வருவதாக 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மறுபடி மாத்திரையைத் தொடங்கியபோது பெரும்பாலோருக்கு அது அடங்கியது. அப்படி வந்தால் புது அலர்ஜி என்று பயந்து வேறு மருந்து தேடாமல், டாக்டர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துங்கள்.