ரவுட்டரில் போர்ட் மேப்பிங்: கேள்வி பதில்

வெளியிலிருந்து ரவுட்டருக்கு வரும் பாக்கெட்டின் முகவரியை மாற்றி உள்ளிருக்கும் கணினிக்குத் திருப்பிவிடுவதுதான் போர்ட் மேப்பிங்; முகவரியை மாற்றும் அந்த வேலைக்குப் பெயர் நாட். கமாண்ட் லைனில் நாட் ரூல் எழுதுவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. பினாங்கில் ஆபீஸ் நெட்வொர்க் பார்த்துக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மைக்ரோட்டிக், சிஸ்கோ இரண்டும் கைப்பழக்கம். மாடி வரை வைஃபை எட்டவில்லை என்பதெல்லாம் என் ஏரியா இல்லை.

பட்டர்வொர்த், உதிரிபாகக் கடை: அண்ணே, யூனிஃபை இன்டர்நெட் லைன், மைக்ரோட்டிக் ரவுட்டர். ஸ்டாக் பார்க்கும் சாஃப்ட்வேர் 192.168.88.10-இல் ஓடுகிறது. ஈதர்1-க்கு (லைன் ஒயர் செருகிய வாய்) ரூல் போட்டும் வெளியிலிருந்து திறக்க மாட்டேன் என்கிறது.

ரூல் சரிதான், போட்ட வாசல்தான் தப்பு தம்பி. யூனிஃபையில் இன்டர்நெட் விலான் 500-இல் (ஒரே ஒயரில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) வருகிறது, அதன் மேல் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து லைனில் நுழையும் இணைப்பு) ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட், ஃபயர்வால் கண்ணில் படுவது அந்த இணைப்பான பிபிபிஓஇ-அவுட்1 வழியாக, ஈதர்1 வழியாக அல்ல. ஆகவே ஐபி ஃபயர்வால் நாட் பகுதியில் இப்படி மாற்றுங்கள்: செயின் டிஎஸ்டிநாட் (போய்ச்சேரும் முகவரியை மாற்றுவது), இன்-இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-அவுட்1, புரோட்டோகால் டிசிபி, டிஎஸ்டி-போர்ட் 8443, ஆக்‌ஷன் டிஎஸ்டி-நாட், டு-அட்ரஸஸ் 192.168.88.10, டு-போர்ட்ஸ் 443. புரோட்டோகாலை விட்டால் போர்ட் எண்ணை ரவுட்டர் ஏற்காது.

பிறகு மொபைல் டேட்டாவில் இருந்து ஒருமுறை திறந்துபார்த்துவிட்டு "பிரின்ட் ஸ்டாட்ஸ்" அடியுங்கள். அந்த ரூலின் கவுண்டர் 0-விலேயே நின்றால் பாக்கெட் உங்கள் ரூல் வரை வரவில்லை. மேலே வேறு ரூல் பிடித்திருக்கும், இல்லை லைனிலேயே வரவில்லை. கவுண்டர் ஏறியும் பக்கம் திறக்கவில்லையா? ரவுட்டரை விடுங்கள். சர்வரின் கேட்வே 192.168.88.1 தானா, விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதா பாருங்கள். ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் நாட் ரூலைத் தொடும். கவுண்டர் ஒன்றிரண்டுதான் ஏறியது என்று பயப்பட வேண்டாம்.

கடையில் இல்லாமல் வெளியிலிருந்து ஃபயர்வாலைத் தொடும்போது சேஃப் மோடைப் போட்டுவிட்டுத் தொடுங்கள். இணைப்பு அறுந்தால் செய்த மாற்றம் தானாகத் திரும்பிவிடும். இல்லாவிட்டால் ராத்திரி பாலம் தாண்டி கடைக்கு ஓட வேண்டியதுதான்.

செந்தூல்: ரவுட்டரில் வேன் ஐபி (இன்டர்நெட் பக்க முகவரி) 100.72 என்று ஆரம்பிக்கிறது. போர்ட் திறக்க முடியுமா?

முடியாது. 100.64 முதல் 100.127 வரை உள்ளது 2012-இல் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கிய வரிசை. உங்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் லைன் கொடுப்பவரின் இன்னொரு நாட் உட்கார்ந்திருக்கிறது. அதில் ரூல் எழுத உங்களுக்குக் கை இல்லை. பப்ளிக் ஐபி கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் பப்ளிக் ஐபி உள்ள ஒரு வாடகை சர்வருக்கு உள்ளேயிருந்து வயர்கார்ட் (பூட்டிய விபிஎன் சுரங்க வழி) போட்டு, அங்கே போர்ட் திறந்து அதன் வழியாக வரவேண்டும்.

பூச்சோங்: எனக்கு 100.90. சிசிடிவி போனில் வரவில்லை.

மேலே செந்தூல்காரருக்குச் சொன்னதுதான். சிசிடிவிக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டி) நேராக இன்டர்நெட்டில் திறந்துவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற புரோகிராம் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் டீஃபால்ட் பாஸ்வேர்டை வைத்தே நுழைந்து, பெரிய இணையதளங்களையே படுக்கவைத்தது. வயர்கார்ட் போட்டு உள்ளே வந்து பாருங்கள்.

ஆயர் ஈத்தாம், ஆடிட் ஆபீஸ்: வெளியிலிருந்து எல்லாம் வேலை செய்கிறது. ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து அதே முகவரியை அடித்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் சார்?

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இதற்குப் பெயர் ஹேர்பின் நாட். இங்கே சிக்கல் இரண்டு.

ஒன்று: உங்கள் ரூலில் இன்-இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ என்று இருக்கும். வைஃபையில் இருந்து வரும் பாக்கெட் உள் நெட்வொர்க்கின் பிரிட்ஜ் வழியாக வருகிறது, ரூல் அதைப் பிடிக்காது. அதற்குப் பதில் டிஎஸ்டி-அட்ரஸ்-லிஸ்ட் வைத்து, அந்த லிஸ்டில் ரவுட்டரின் கிளவுட் டிடிஎன்எஸ் பெயரைப் போடுங்கள். ஐபி மாறினாலும் லிஸ்ட் கூடவே மாறும். சிலர் டிஎஸ்டி-அட்ரஸ்-டைப் லோக்கல் போடுவார்கள். அது 192.168.88.1-ஐயும் சேர்த்துப் பிடிக்கும். 443-ஐ மேப் செய்துவிட்டு ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால் சர்வர் பக்கம் வந்து நிற்கும்.

இரண்டு: ரூல் பிடித்தாலும் பதில் வழி மாறிப் போகும். உங்கள் லேப்டாப் 192.168.88.20, சர்வர் 192.168.88.10 என்று வையுங்கள்; சுருக்கமாக 88.20, 88.10. லேப்டாப் பப்ளிக் ஐபிக்கு அனுப்பியதை ரவுட்டர் 88.10-க்குத் திருப்புகிறது. அனுப்பியவர் 88.20 என்று சர்வர் பார்க்கிறது. ஒரே நெட்வொர்க்தானே, ரவுட்டரைக் கேட்காமல் நேராகப் பதில் போட்டுவிடுகிறது. லேப்டாப்போ பப்ளிக் ஐபியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, 88.10-இல் இருந்து வந்ததைத் தூக்கி எறிகிறது. தீர்வு, அனுப்பியவர் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றி (இதுதான் மாஸ்கரேட்) பதிலை ரவுட்டர் வழியாகவே திரும்ப வைக்கும் ஒரு எஸ்ஆர்சிநாட் ரூல்: எஸ்ஆர்சி-அட்ரஸ் 192.168.88.0/24, டிஎஸ்டி-அட்ரஸும் அதே, ஆக்‌ஷன் மாஸ்கரேட்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ்: மன்னிக்கணும் அண்ணே, இது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவது. ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் டிஎன்எஸ் (இந்தப் பெயருக்கு இந்த ஐபி என்று எழுதிவைப்பது) போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு 88.10 என்று சொன்னால் போதாதா? மாஸ்கரேட் போட்டால் சர்வர் லாகில் எல்லாரும் 88.1 ஆகிவிடுவார்கள். ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து அந்த ஐபி பிளாக் ஆனால் ஆபீஸ் மொத்தமும் வெளியே.

லாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் டிஎன்எஸ் முகவரியைத்தான் மாற்றும், போர்ட்டை மாற்றாது. வெளியே 8443, உள்ளே 443 என்று மேப் செய்தவர் உள்ளே வந்தால் 88.10-இன் 8443-ஐத் தட்டுவார், அங்கே ஆள் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்: இரண்டு பக்கமும் ஒரே எண் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தீராது. இப்போது பல போன்களில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருக்கிறார்கள். அது உங்கள் ரவுட்டரைக் கேட்பதே இல்லை. வழக்கமான டிஎன்எஸ் போர்ட் 53-ஐ ரவுட்டருக்கு மடக்கினாலும் 443 வழியாகப் போகும் டிஎன்எஸ்ஸை என்ன செய்வீர்கள்?

பாயான் லெப்பாஸ்: நீங்கள் இருவரும் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? சர்வரைத் தனி விலானில், 192.168.99.0-வில் வைத்தால் மாஸ்கரேட்டும் வேண்டாம், டிஎன்எஸ்ஸும் வேண்டாமே.

இவர்தான் தொழில் தெரிந்தவர். சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால் பதில் கேட்வே வழியாகத்தான் போயாக வேண்டும். ரவுட்டர் அங்கேயே முகவரியைத் திருப்பி மாற்றிவிடும். லாகில் உண்மையான ஐபி விழும். அந்த விலானிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்தால், சர்வரை யாராவது பிடித்தாலும் மற்ற கணினிகளுக்கு எளிதில் தாவ முடியாது. ஆயர் ஈத்தாம் சார், புதிதாகச் செய்வதென்றால் இதையே செய்யுங்கள். இருப்பதை இன்றைக்கே ஓட்ட வேண்டுமென்றால் மாஸ்கரேட். பிரிக்பீல்ட்ஸ் தம்பிக்கு நான் ஒரு டீ கடன்.

கிள்ளான்: ஐபி 100.66...

செந்தூலைப் பாருங்கள்.

ஜோர்ஜ் டவுன், டிராவல்ஸ்: எங்களிடம் பழைய சிஸ்கோ. இதே வேலைக்கு என்ன கமாண்ட் அண்ணா?

ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் ஸ்டாட்டிக் டிசிபி 192.168.1.10 443 இன்டர்ஃபேஸ் டயலர்1 8443. உள் முகவரியும் உள் போர்ட்டும் முதலில், வெளிப் போர்ட் கடைசியில். மைக்ரோட்டிக் பழகியவர்கள் இதைத் தலைகீழாக அடிப்பார்கள். உள் பக்கமான விலான்1-இல் ஐபி நாட் இன்சைட், வெளிப் பக்கமான டயலர்1-இல் ஐபி நாட் அவுட்சைட் இருக்கிறதா பாருங்கள், தங்கச்சி. முடிந்ததும் ரைட் மெமரி. மைக்ரோட்டிக் அடித்தவுடன் சேமித்துக்கொள்ளும், சிஸ்கோ சேமிக்காது. கரண்ட் போனால் ரூலும் போய்விடும்.

ரவாங்: வீட்டிலிருந்தே மைக்ரோட்டிக் ரவுட்டரைப் பார்க்க, அதன் வின்பாக்ஸ் நிர்வாக சாஃப்ட்வேர் நுழையும் போர்ட் 8291-ஐத் திறந்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் நீளமானதுதான்.

இன்றைக்கே மூடுங்கள். 2018-இல் வின்பாக்ஸில் கண்டுபிடித்த ஓட்டையில் பாஸ்வேர்ட் தெரியாமலேயே யூசர் ஃபைலை எடுத்துப் படிக்க முடிந்தது. நீளமான பாஸ்வேர்டால் பயனில்லை. ரவுட்டர்ஓஎஸ் 7-இலேயே வயர்கார்ட் இருக்கிறது. டிவிஆருக்குச் சொன்னதுதான் ரவுட்டருக்கும். மூடும்போது சேஃப் மோட்.

பிறை: ஐபி போனுக்கு மேப்பிங்கை மாற்றியும் பழைய இடத்துக்கே போகிறது.

பழைய இணைப்பு ரவுட்டரின் இணைப்புப் பட்டியலில், அதாவது ஐபி ஃபயர்வால் கனெக்‌ஷனில் உயிரோடு இருக்கிறது. போன் விடாமல் பாக்கெட் அனுப்புவதால் அது சாகவே சாகாது. அந்த வரியை ரிமூவ் செய்யுங்கள், அடுத்த பாக்கெட் புது ரூலைப் பிடிக்கும்.

சுங்கை பூலோ: 5000 முதல் 5010 வரை மொத்தமாகத் திறக்க பதினோரு ரூல் எழுதணுமா?

ஒன்று போதும். டிஎஸ்டி-போர்ட் 5000-5010, டு-போர்ட்ஸை விட்டுவிடுங்கள். வந்த எண்ணிலேயே உள்ளே போகும்.