சீரகத்தின் தலையை வெட்டினால் என்ன கிடைக்கும்?

கேள்வி: குறுக்கெழுத்தில் மசாலாச் சாமான் பற்றிய குறிப்பு வந்தால் மட்டும் திணறிப்போகிறேன். 'உடம்பில் பட்டால் வலி, எண்ணெயில் பட்டால் மணம் (3)' என்று ஒன்று. மிளகு, கடுகு, சுக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மேலிருந்து கீழ் வரும் சொல்லைப் பார்த்தால் நடு எழுத்து 'ய'. எதுவும் ஒத்துவரவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: விடை, காயம். நீங்கள் அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே தேடியதுதான் சிக்கல். குறிப்பில் பாதிதான் மசாலா, மீதிப் பாதி வேறு எங்கோ கை காட்டுகிறது. உடம்பில் பட்டு வலிப்பது அடி, புண், காயம். பெருங்காயத்தைக் காயம் என்றும் சொல்வது உண்டு. கா, ய, ம். உங்கள் 'ய' சரியாக உட்கார்ந்துவிட்டது. காயம் என்றால் உடம்பு என்றும் பொருள் இருக்கிறது. குறிப்பை எழுதியவர் அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் வைத்திருப்பார், குறும்புக்காரர்.

நம் மசாலாப் பெயர்கள் பலவற்றுக்கு இப்படி இரட்டை வாழ்க்கை. ஏலம் மணக்கும், ஏலத்தில் விலையும் கேட்பார்கள். கடுகு வெடிக்கும், கடுகுதல் என்றால் விரைதல். 'சீக்கிரம் போ, சின்ன விதையே' என்று வந்தால் கடுகைப் போடுங்கள். சோம்பு என்பது சோம்பலும்தான். தனியாவைக் கேட்டால் 'துணையில்லாத விதை' என்பார்கள். பேச்சு வழக்கை வைத்து விளையாடுவது அது. சொல்லை உடைத்தும் கேட்பார்கள்: வெந்த அயம், அதாவது வெந்த இரும்பு, வெந்தயம். பெரிய புண் என்றால் பெருங்காயம். சிலேடைப் புலவர்கள் எப்போதோ பிரித்து மேய்ந்த சொற்கள் இவை.

அப்புறம், வெட்டு வேலை. 'தலை போன', 'உள்ளே ஒளிந்த' போன்ற சொற்களைக் கண்டால் பொருளை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'தலை வெட்டிய சீரகம் ஒரு வகை (3)' என்றால் சீ போய் மிஞ்சுவது ரகம். 'இலவங்கத்துக்குள் கப்பல் (4)' என்றால் வங்கம். இந்த இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. வங்கம் என்றால் கப்பல் என்று தெரியாவிட்டாலும், எழுத்தை எண்ணியே விடையைப் பிடித்துவிடலாம்.

எண்ணும்போது புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு என்பதை மறக்காதீர்கள். சுக்கு மூன்று, திப்பிலி நான்கு. இவற்றோடு மிளகும் சேர்ந்த கூட்டுப் பெயரைக் கேட்டால் திரிகடுகம், ஆறு. பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூல் என்று கேட்டாலும் அதையே போட்டுப் பாருங்கள்.

'பழந்தமிழில்' என்று குறிப்பு தொடங்கினால் இன்றைய பெயரை எழுதாதீர்கள். மிளகுக்குக் கறி (2) அல்லது மிரியல் (4), வெண்சிறுகடுகுக்கு ஐயவி (3). இரண்டு கட்டத்தில் கறி என்றதும் இறைச்சி ஞாபகம்தான் வரும், ஏமாறாதீர்கள். பழைய காரம் என்றால் மிளகாயையும் ஒதுக்கிவிடலாம். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகுதான் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால் கிடைத்த பெயர் அது.

செடியின் எந்தப் பாகம் என்று குறிப்பில் இருந்தால் அதிர்ஷ்டம். விரியாத மொட்டு கிராம்பு, பிசின் பெருங்காயம். ஒரே பழத்தின் கொட்டை சாதிக்காய், அதைச் சுற்றிய சிவப்பு உறை சாதிபத்திரி.

கிராம்பில் மட்டும் பென்சிலால் எழுதுங்கள். கிராம்பு 4, லவங்கம் 5, இலவங்கம் 6. மூன்றும் ஒரே பொருள்தான், கட்டத்தைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இலவங்கப்பட்டை என்பது கிராம்பு மரத்தின் பட்டையே அல்ல, அது வேறு மரம். 'மரத்தின் தோல், நெற்றியிலும் இடலாம் (3)' என்று வந்தால் வெறும் பட்டை போதும்.