பில்லில் மரத்தின் பெயர் இருக்கிறதா?

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் மரச்சாமான், மரப்பொம்மை பற்றித்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். மாமியார் பற்றிய பகுதிகளையும் சேர்த்து.

கேள்வி: மூத்த மகளுக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய நடைவண்டி நான்கு வருடமாகப் பரணில் கிடந்தது. இப்போது பத்து மாதப் பையனுக்காக இறக்கினோம். துடைத்து வைத்தால் மறுநாளே கீழே மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது. கரையான் மருந்து அடிக்கலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: கரையான் இப்படி மாவு கொட்டாது, மண் பூசும். உங்கள் வண்டி உளுத்துக்கொண்டிருக்கிறது. குண்டூசித் தலை அளவில் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த ஓட்டை, வண்டு வளர்ந்து வெளியே போன வாசல். தின்றதெல்லாம் அதற்கு முன்னால், மரத்துக்குள்ளே புழுவாக இருந்தபோது. மரத்தின் வெளிப்பக்கத்து வெளுத்த பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது, அதற்காகத்தான் வருகிறது. வைரம் பாய்ந்த நடுப்பகுதி அதற்குப் பிடிக்காது. திருவிழாக் கடை வண்டியில் வைரத்தை யார் பார்த்தார்கள்?

முதலில் வண்டியை நாலு தட்டுத் தட்டி மாவையெல்லாம் உதிர்த்துவிட்டு, ஒரு கறுப்புத் துணி மேல் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். புதிதாக மாவு விழாவிட்டால் அது பழைய கணக்கு, துடைத்துவிட்டு ஓட்டலாம். விழுந்தால் எந்த மரச்சட்டத்துக்குக் கீழே விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சட்டம், மிஞ்சினால் இரண்டு. ஆசாரியிடம் கொடுத்து அதை மட்டும் கழற்றி மாற்றச் சொல்லுங்கள், கழற்றியதை எரித்துவிடுங்கள். விறகுக் கொட்டகையில் போட்டால் அடுத்தது உங்கள் வீட்டு நிலைக்கதவு.

மருந்து வேண்டாம். பல் முளைக்கிற பையன் கைப்பிடியைக் கடிக்காமல் வண்டி ஓட்டமாட்டான். கையடக்கமான பொம்மை உளுத்தால் இன்னும் சுலபம். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே வெளியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மரம் வியர்த்துவிடும். எங்கள் வீட்டு மர யானை ஒன்று ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் படுத்திருந்து பிழைத்து வந்தது.

கேள்வி: கர்நாடகத்துச் சன்னபட்டணம் போயிருந்தபோது வாங்கிய மரப்பொம்மைகளை, கிருமி இருக்குமே என்று சானிடைசர் போட்டுத் துடைத்தேன். சிவப்பும் மஞ்சளும் துணியில் வந்துவிட்டன. பொம்மை பிசுபிசு என்று ஒட்டுகிறது. மட்டமான சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, ஓசூர்)

பதில்: இல்லையம்மா, இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்தப் பொம்மையில் இருப்பது பெயின்ட் அல்ல, அரக்கு. வெட்பாலைக் கட்டையைக் கடைசலில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். அப்புறம் தாழை மடலை வைத்து அழுத்தினால் அந்தப் பளபளப்பு. அரக்கைக் கரைக்க ஆசாரிகள் காலம் காலமாகப் பயன்படுத்துவது ஸ்பிரிட். உங்கள் சானிடைசரில் பெரும்பங்கு அதேதான். நல்ல அரக்கு என்பதால்தான் கரைந்தது.

நிழலில் இரண்டு மூன்று நாள் தொடாமல் வையுங்கள், ஸ்பிரிட் ஆவியானதும் இறுகிவிடும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் தேயுங்கள். போன நிறம் போனதுதான். இனிமேல் ஈரத்துணி போதும். பிள்ளைக்குச் சளி காய்ச்சல் என்றால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்துங்கள். வெந்நீரும் ஆகாது, மூடிய காருக்குள் வெயிலில் விட்டு வைப்பதும் ஆகாது. அரக்கு சூட்டுக்கும் இளகும். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான்களில் அரக்குப் பூச்சு உள்ளவற்றுக்கும் இதே பதில்தான், அதைத் தனியாகக் கேட்ட இருவரும் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரக் கட்டைகளை (எழுத்துப் பழகும் பிளாக்ஸ்) வாஷிங் மெஷினில் போடலாமா? வலைப்பையில் போட்டு? (வாசகர், கோவை)

பதில்: போடலாம். மரக்கட்டையும் போகும், மெஷினும் போகும்.

கேள்வி: நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளோடு மகளின் மரப்பொம்மைகளையும் ஒரே பெட்டியில் அந்துருண்டை போட்டு வைப்பது வழக்கம். இந்த வருடம் மகள் கேட்டதால் பாதியில் எடுத்துக் கொடுத்தேன். நாற்றம் போகவே இல்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: நாற்றம் போகாதது மட்டும் கவலை என்றால் நான் சும்மா இருந்திருப்பேன். பழைய வகை அந்துருண்டை நாஃப்தலீன். இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அதன் நெடியே சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். அந்தக் குறை உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்பது, சோதித்துப் பார்க்காதவரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளையின் துணி, தொட்டில், பொம்மை, இந்த மூன்றின் பக்கத்திலும் அந்துருண்டை கூடாது. பொம்மைகளைத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் நாற்றம் போகும் வரை பரப்பி வையுங்கள். அதுவரை கொடுக்காதீர்கள். பெட்டியில் இரண்டு வசம்பைப் போட்டு, முக்கியமாக, நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். ஐப்பசி மழையில் ஈரத்தோடு மூடினால் வசம்பு என்ன, பிரம்மாவே வந்தாலும் பூஞ்சை பூக்கும்.

கேள்வி: ஒரு இணைய விற்பனைத் தளத்தில் மகனுக்குப் படிக்கிற மேசை வாங்கினேன், 13,800 ரூபாய். தலைப்பில் தேக்கு என்றும் சாலிட் வுட் என்றும் இருந்தது. மூன்றாம் வாரம் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து, ஓரம் புடைத்துவிட்டது. உள்ளே மரத்தூள். கேட்டால், “தண்ணீர் பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். நான் ஏமாந்தேனா, இல்லை என் கவனக்குறைவா? (வாசகர், வேலூர்)

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் மேசைமேல் தண்ணீர் கொட்டும். அதற்காகத்தான் நீங்கள் தேக்குக்குக் காசு கொடுத்தீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டு மேசை ஞாபகம் வந்தது. மகள் மூன்றாவது படிக்கும்போது ஒரு பெரிய கடையில் நானே தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, தேக்குதான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லி வாங்கினேன். ஆறே மாதத்தில் ஓரமெல்லாம் ஆப்பம் மாதிரி உப்பிக்கொண்டது. ஒரு திருகாணியைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ரவை. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் தேக்கு ரேகையை அச்சடித்த காகிதம். கனம் ஒரு சோதனையே இல்லை, இந்தப் பலகைகள் சில நல்ல மரத்தைவிடவும் கனக்கும். மேசையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பார்க்க வேண்டும். மேலே ஓடுகிற ரேகை ஓரத்தில் இறங்கித் தொடர்ந்தால் மரம். ஓரத்தில் டேப் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது மரமல்ல. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில்லில் “ஸ்டடி டேபிள் – 1” என்று மட்டும் இருந்தது. தேக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கடைப் பையன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லி வருகிறேன், வீட்டில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்களாவது கேளுங்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். “தேக்கு” என்றால் தேக்கு. “தேக்கு ஃபினிஷ்” என்றால் நிறம். “என்ஜினியர்டு வுட்” என்றால் தூளோ நாரோ ஒட்டுப்பலகையோ, எது என்று கேளுங்கள். ரப்பர் மரம் என்று எழுதினால் வருத்தப்படாதீர்கள். பால் வற்றிய மரத்தை அறுத்து, மருந்தேற்றிச் செய்வது, பிள்ளைகளின் மேசை நாற்காலிக்கு நல்ல மரம்தான், ஈரம் மட்டும் ஆகாது. எது என்று தெரிந்தால்தானே அதைத் துடைப்பதா, மெழுகு தேய்ப்பதா, தண்ணீரே காட்டாமல் இருப்பதா என்று தெரியும்? எழுதித் தர மாட்டேன் என்கிற கடைக்காரர் உங்களுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். பில்லே தரமாட்டேன் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்ற போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதை ஏதோ ஊதுவத்தி ஏற்றி வைத்த சாமி படம் மாதிரி எல்லாக் கடையிலும் மாட்டியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. தண்ணீர் பட்டதைப் பற்றி வாதாடாதீர்கள். “தேக்கு என்றீர்கள், தூள் வந்தது” என்ற ஒரே வரியில் நில்லுங்கள். அந்த விற்பனைப் பக்கம் இன்னும் இருந்தால் இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்குத் தலைப்பு மாறியிருக்கும். புடைத்த ஓரத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடுவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலூரிலேயே போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அவர்கள் அசையும் வரை விடாதீர்கள். முடிவு என்னவானாலும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: தாம்பரம் மின்சார ரயிலில் விற்றவரிடம் 120 ரூபாய்க்கு மர லாரி வாங்கினேன். இரண்டு வயதுப் பேத்தி வாயில் வைத்ததும் உதடெல்லாம் பச்சை. ஒரு சக்கரமும் கழன்றுவிட்டது. எங்கே புகார் செய்வது? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: அவர் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அவரிடம் நான் ஒரு காய்கறி நறுக்கி வாங்கியிருக்கிறேன்.

லாரியைக் குப்பையில் போடுங்கள், கழன்ற சக்கரத்தை முதலில். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மையைச் சோதிக்க ஒரு சின்ன உருளை இருக்கிறது, விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் குழந்தையின் தொண்டையில் அடைக்கும் என்று கணக்கு. உங்கள் சக்கரம் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேல் ஐஎஸ் எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டுப் பொருளை அதற்கான பதிவோடு செய்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு. ரயிலில் விற்பவருக்கு இல்லை. முத்திரை பார்க்காமல், பில் இல்லாமல், ஓடுகிற வண்டியில் வாங்கிவிட்டு என்னிடம் புகார் முகவரி கேட்டால் நான் எங்கே போவேன்?

கேள்வி: என் அம்மா என்னைப் போட்டுத் தாலாட்டிய மரத்தொட்டில், பச்சை பெயின்ட் உரிந்து நிற்கிறது. அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பெயின்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன். எந்த பெயின்ட் நல்லது? (வாசகி, காரைக்குடி)

பதில்: தாயே, உப்புத்தாளைக் கீழே வையுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தொட்டில் அதற்கு வெகுகாலம் முந்தியது. மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களுக்கு அந்தக் காலத்தில் ஈயச் சாயம் தாராளமாகப் போட்டார்கள். உலர்ந்த பெயின்டைத் தேய்த்தால் தூளாகப் பறந்து உங்கள் மூச்சில் போகும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் அது ஆசாரியின் பட்டறையில், வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்க வேண்டிய வேலை. அவரிடமும் காரணத்தைச் சொல்லி மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். தொட்டில் திரும்பி வந்ததும் கம்பிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும்.

அடுத்த மாதத்துக்குள் இதெல்லாம் நடக்காது. அம்மாவின் பழைய சேலை ஒன்று இருக்குமே, தூளி கட்டுங்கள்.

கேள்வி: மரப்பொம்மைக்கு மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சரிதானே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பூச்சில்லாத மரத்துக்கு வருடத்துக்கு இரண்டு தரம், ஒரு சொட்டு, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்தால் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது, மாதாமாதம் தடவினால் தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். தேன்மெழுகு நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பொம்மைக்கு வேண்டாம், சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் கலப்பார்கள்.

கேள்வி: மகளின் குட்டி நாற்காலியில் திருகாணி பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் சுற்றுகிறது. (வாசகர், நாமக்கல்)

பதில்: ஓட்டை பெரிதாகிவிட்டது. திருகாணியை எடுத்துவிட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக்கமாகச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் அதே திருகாணியை, கையால், மெதுவாக முறுக்குங்கள். மரமாக இருந்தால் நிற்கும். தூள் பலகையாக இருந்தால் தீபாவளி வரை நிற்கும்.

கேள்வி: பையன் மேசை முழுக்கப் பேனாவால் கிறுக்கிவிட்டான். எதைப் போட்டால் போகும்? (வாசகி, மதுரை)

பதில்: எந்தப் பேனா, எந்த மேசை, இரண்டையும் எழுதவில்லை. மைக்கா ஒட்டிய மேசை என்றால் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், போய்விடும். பாலிஷ் போட்ட மரம் என்றால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், ஓசூர் அம்மாவின் கதைதான். எதுவென்று தெரியவில்லையா? பில்லை எடுத்துப் பாருங்கள்.