எரிக்காமல் விட்டால் என்ன செய்யலாம்?

அன்புள்ள ஐயா,
நிலக்கரியிலிருந்து கிராபீன் செய்வதாக ஒரு காணொளி பார்த்தேன். நண்பர்கள் சுத்துமாத்து என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் நுரைச்சோலை மின்னிலையத்தில் எரிக்கிற கரியை ஏன் இப்படிப் பயன்படுத்தக் கூடாது?
உயர்தர மாணவன், கோப்பாய்

அன்புள்ள தம்பி,

உண்மைதான். நிலக்கரிக்குள் ஆறு காபன் அணுக்கள் சேர்ந்த பென்சீன் வளையங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று ஒட்டிச் சின்னத் தட்டுகளாகக் கிடக்கின்றன, அந்தத் தட்டுகளை ஒட்சிசனும் குட்டி ஐதரோகாபன் சங்கிலிகளும் கண்டபடி பிணைத்திருக்கின்றன, இடையிடையே கந்தகமும் நைதரசனும் உண்டு. கிராபீனும் அதே வளையங்கள் ஓர் அணுத் தடிப்பில் விரிந்த தாள்தானே. பாதி வேலையைப் பூமி முடித்து வைத்திருக்கிறது. அதை எரித்துக் காபனீரொட்சைட்டாக்குவது நாற்சார் வீட்டுத் தூணை உருவி அடுப்பில் வைக்கிற மாதிரி, எனக்கு மனம் பொறுக்கவில்லை.

2013 இல் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு, நிலக்கரியைச் செறிந்த சல்பூரிக், நைத்திரிக் அமிலங்களில் சூடாக்கிப் பிணைப்புகளை அறுத்து, சில நனோமீற்றர் அளவான, ஒளிரும் கிராபீன் துணுக்குகளை எடுத்தது. 2020 இல் அதே குழு காபன் தூளுக்குள் மின்சாரம் பாய்ச்சி, ஒரு செக்கனுக்குள் 3000 கெல்வினுக்கு மேல் சூடாக்கிக் கிராபீன் செய்தது. அதற்கு உணவுக் கழிவும் போதும், வளையம் முன்னமே இருக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது பழைய வழிதான்: நிலக்கரியைக் காற்றில்லாமல் சுடுகிற கோக் சூளையில் வடியும் தாரைக் காய்ச்சி, மிஞ்சும் கெட்டிப் பாகத்தை ஆறுதலாகச் சூடாக்கினால் தட்டு மூலக்கூறுகள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துத் திரவப் பளிங்காகிவிடும், அதை இழையாக இழுத்துப் பதப்படுத்திச் சுட்டால் காபன் நார். உடைத்துக் கட்டாமல், இருப்பதை ஒழுங்காக அடுக்குகிற வேலை.

சரி, நுரைச்சோலை. அங்கே 900 மெகாவாட் நிலையத்தில் கரி எரிவது மின்சாரத்துக்காக, கரியை எடுத்தால் மின்சாரத்துக்கு வேறு வழி வேண்டும். கணக்கும் ஒத்துவராது: உலகம் ஆண்டுக்கு 800 கோடி தொன்னுக்கு மேல் நிலக்கரியைச் செலவழிக்கிறது, காபன் நாரின் தேவையோ இலட்சம் தொன் அளவில்தான். ஆகவே காபன் நார் செய்யலாமே, சுரங்கங்கள் இப்படியே ஓடட்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அதோடு நிலக்கரி எங்களுக்கு இறக்குமதிச் சாமான். இங்கே போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டுகிற காரீயத்தில் (கிராபைற்று) தாள்கள் ஏற்கனவே அடுக்காக இருக்கின்றன, பிரித்தெடுத்தால் போதும். கிராபீன் ஆசையிருந்தால் இலங்கை அங்கேதான் தொடங்க வேண்டும்.

பாடப் புத்தகத்தில் பென்சீனின் பரிவு (resonance) பற்றிய பகுதியை இன்னொருக்கால் வாசியுங்கள், வளையம் ஏன் லேசில் உடையாது என்பது அதில் இருக்கிறது. விளங்காத இடத்தை எழுதி அனுப்புங்கள்.