ஆர்ம் கார்டு கட்டியும் நாண் அடிக்கிறதா?

வில்வித்தை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழக ஆரம்பித்ததிலிருந்து இடது கையில் நாண் பட்டுப் பட்டு நீலமாகக் கன்றிக் கிடக்குதுங்க. ஆர்ம் கார்டு (முன்கைக் காப்பு) கட்டித்தான் விடுகிறாள். அது மறைக்காத இடத்தில், முழங்கை மடிப்பை ஒட்டி அடிக்கிறது. ‘பழகினால் சரியாயிரும்’ என்கிறார்கள். ஆகுமா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தானாக ஆகாதுங்க. கை நிற்கும் விதத்தை மாற்றினால் ஆகும்.

வலது கையால் நாணை இழுப்பவர் விடும்போது, நாண் விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு நழுவுகிறது. அதனால் அது நேராக ஓடாமல் முதலில் சற்று இடப்பக்கம், அதாவது வில் பிடித்த கை இருக்கும் பக்கமாக விலகிப் பிறகுதான் முன்னே போகும். அந்தப் பாதையில் சதை இருந்தால் அடி விழும். ஆகவே தழும்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மணிக்கட்டை ஒட்டி இருந்தால் வில்லையும் பிடியையும் சந்தேகிக்க வேண்டும். முழங்கையை ஒட்டி இருந்தால் முழங்கையும் தோளும்தான் காரணம். உங்கள் மகளுக்கு இரண்டாவது வகை.

கையை நீட்டினால் முழங்கை நேர்கோட்டையும் தாண்டி உள்ளே வளைகிறதா என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகள் பலருக்கும் அப்படி வளையும். அது குறையல்ல, ஆனால் நாணின் வழியில் போய் நிற்கும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. கதவு நிலைக்குப் பக்கவாட்டில் நின்று, இடது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோள் உயரத்தில் நிலையில் ஊன்றச் சொல்லுங்கள். விரல்கள் தளர்வாக இருக்கட்டும். இப்போது உள்ளங்கை அசையாமல், தோள் மேலே ஏறாமல், முழங்கை மட்டும் திரும்ப வேண்டும். தரையைப் பார்த்திருந்த முழங்கை எலும்பின் முனை, முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, அந்த நிலையிலேயே கையை மடக்கச் சொல்லுங்கள். கை நெஞ்சை நோக்கி வந்தால் சரி, முகத்தை நோக்கி மேலே எழுந்தால் தவறு.

ஆரம்பத்தில் முழங்கையோடு மணிக்கட்டும் சேர்ந்து திரும்பும். இரண்டையும் பிரித்து அசைக்கப் பழகத்தான் நாளாகும். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை போதும். உள்ளே வளையும் கை என்றால், திருப்பிய பிறகு முழங்கைப் பூட்டை ஒரு நூல் தளர்த்திக்கொள்ள வேண்டும். அடுத்து உடற்பயிற்சி ரப்பர் பேண்டை வில் போல இழுத்துப் பார்க்கலாம். அதன் பிறகே வில். அதுவும் ஐந்து மீட்டரில், இலக்குத் தாள் ஒட்டாத வெறும் இலக்கில். தாள் இருந்தால் பிள்ளை மஞ்சள் வட்டத்தைத்தான் பார்க்கும், கையை மறந்துவிடும்.

எங்கே படுகிறது என்பதில் சந்தேகம் இருந்தால், அம்பு பொருத்தும் இடத்திலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்கு நாணில் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேயுங்கள். முழங்கைக்கு மேல் வரை மூடும் கறுப்பு உறையை மாட்டி நாலு அம்பு விடச் சொன்னால் வெள்ளைக் கோடு விழுந்த இடம் தெரியும்.

இன்னொன்று. அடி வாங்கிய பிள்ளை, விடும் நொடியில் பயந்து கையை வெட்டி இழுக்கும். தழும்பு ஆறினாலும் அந்தப் பழக்கம் லேசில் போகாது. வலியோடு விடச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: பழைய 66 அங்குல ரீகர்வ் வில் ஒன்று கைமாற்றாக வாங்கினேன். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி அடிக்கிறது. என் நண்பரின் வில் என் கையில் அடிப்பதில்லை.
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நண்பரின் வில் அடிக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வில்லில் ப்ரேஸ் ஹைட் குறைந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. நாண் ஏற்றிய வில்லில், பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரைக்குமான தூரம் அது. 66 அங்குல ரீகர்வுக்குப் பொதுவாக எட்டேகால் முதல் எட்டேமுக்கால் அங்குலம் இருக்கும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. ஏழரைக்கு இறங்கியிருந்தால், நாண் மணிக்கட்டுக்கு வெகு அருகில் வந்துதான் நிற்கும்.

கைமாறி வந்த வில்களில் அடிக்கடி நடப்பது, நாண் மாறிப்போவது. 66 அங்குல ரீகர்வுக்கு நாண் ஏறக்குறைய 62 அங்குலம். 68 அங்குல வில்லின் நாணை இதில் மாட்டினால் இரண்டு அங்குலம் மிச்சம். அளந்து பாருங்கள். நீளம் சரி என்றால், ஸ்ட்ரிங்கர் (நாண் ஏற்றி இறக்க உதவும் கயிறு) போட்டு நாணைக் கழற்றி, நாண் சற்றுக் குறுகும்படி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே நாலைந்து முறுக்கு ஏற்றி மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். ஒரே மூச்சில் இருபது முறுக்கு வேண்டாம். டேக்ரான் (பாலியெஸ்டர் நூல்) நாண் புதிதில் நீளும், ஆகவே முதல் சில நாள் தினமும் அளப்பது நல்லது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் லிம்பின் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதி) ஒட்டு விடும்.

அளவு சரியாகியும் அடித்தால் பிடியைப் பாருங்கள். கட்டைவிரலின் அடிச்சதையில், ஆயுள் ரேகைக்கு இந்தப் பக்கமாக மட்டும் வில் அழுந்த வேண்டும். விரல் முட்டிகள் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்க வேண்டும். மண்வெட்டிக் காம்பைப் போல இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு உள்ளே திரும்பி, முன்கையை நாணின் வழியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். விரலைத் தளர்த்தினால் வில் விழுந்துவிடும் என்ற பயம் இருந்தால் ஃபிங்கர் ஸ்லிங் (வில் விழாமல் விரல்களில் மாட்டும் சிறு கயிறு) மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது முப்பத்து நாலு. தோட்ட வேலை செய்த உடம்பு என்பதால் எடுத்ததுமே 36 பவுண்டு வில் (நாணை இழுக்கத் தேவையான விசையின் அளவு) வாங்கினேன். இப்போது கை முழுக்கத் தழும்பு.
(வாசகர், தாராபுரம்)

பதில்: மூட்டை தூக்கும் தசை வேறு, இழுத்து நிறுத்தும் முதுகுத் தசை வேறு. முழுக்க இழுத்து ஐந்து நொடி நிறுத்துங்கள். இடது தோள் காதை நோக்கி ஏறினாலோ உள்ளே சரிந்தாலோ, பாரம் உங்களுக்கு அதிகம். தோள் சரிந்தால் கை மொத்தமும் நாண் பக்கம் போகும். 20 முதல் 24 பவுண்டு லிம்ப் மாட்டுங்கள், பிறகு இரண்டிரண்டாக ஏற்றலாம். வில்லை விற்க வேண்டியதில்லை. கழற்றி மாட்டும் வகை என்றால் லிம்ப் மட்டும் மாறினால் போதும்.

கேள்வி: ஈரோட்டில் தோல் கிடைக்கிறது. ஆர்ம் கார்டை நாமே செய்துகொள்ளலாமா?
(வாசகி, பெருந்துறை)

பதில்: தாராளமாக. இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் விறைப்பான தோல் கேளுங்கள். சட்டைத் தோல் மாதிரி மெத்தென்று இருந்தால் அடியைத் தாங்காது. மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல் விட்டு, முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டு நீளம் எடுங்கள். அகலம் முன்கையின் உட்பக்கத்தை மூடினால் போதும். வழவழப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். ஓர் அங்குல எலாஸ்டிக் இரண்டு, கொக்கிகள் கையின் வெளிப்பக்கம். உட்பக்கம் முடிச்சோ தையலோ புடைத்திருந்தால் நாண் அதில் தட்டி அம்பு விலகும்.

தொளதொளச் சட்டைக் கையும் துப்பட்டாவும் அப்படித்தான். திருப்பூரில் கிடைக்கும் இறுக்கமான முழுக்கை பனியனைப் போட்டு அதன் மேல் கார்டைக் கட்டுங்கள்.

கேள்வி: கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவைப் பார்த்ததிலிருந்து, ஒன்பது வயதுப் பையன் வில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.
(வாசகர், நாமக்கல்)

பதில்: வாங்கிக் கொடுங்கள். 10 முதல் 14 பவுண்டு போதும். முதல் அம்பிலிருந்தே கார்டு கட்டியாக வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து ‘டங்’ என்று விட அனுமதிக்காதீர்கள், லிம்ப் உடையும்.

கேள்வி: அடிபட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் போட்டு நீவலாமா?
(வாசகி, பல்லடம்)

பதில்: நீவ வேண்டாம், தைலமும் வேண்டாம். உள்ளே கசிந்த ரத்தம் இன்னும் பரவும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். முதல் நாளில் சில முறை இப்படிச் செய்யலாம். நீலம் பச்சையாகி மஞ்சளாகி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறையும். விரல் மரத்துப்போனாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டும்போது கடுமையாக வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.