காலியில் ஒரு வாரம்: வரைகிற பிள்ளையோடு போகிறவர்களுக்கு

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். டிசம்பர் லீவில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஒரு வாரம் காலியில் தங்க நினைக்கிறோம். மகளுக்கு வயது 15, எந்நேரமும் படம் வரைவாள். மகனுக்கு 10, கடல் என்றால் பைத்தியம். காலிக்கு ஒரு நாள் போதும் என்கிறார்கள். ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பது, எங்கே தங்குவது?

பதில்: ஒரு நாள் போதும் என்பவர்கள் வேனில் வந்து வெளிச்சவீட்டடியில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்களுக்கு அது சரி. வரைகிற பிள்ளைக்கு ஒரு வாரம் காணாது. ஆனால் ஏழு நாளுக்கு ஏழு இடம் என்று பட்டியல் போடாதீர்கள், டீச்சர். ஹட்டன் குளிரில் இருந்து இறங்குகிறவர்களைக் காலிப் புழுக்கம் முதல் இரண்டு நாளும் அடித்துப் போட்டுவிடும். விடியற்காலை முதல் பத்து மணி வரை வெளியே, பிறகு வீடு, நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியே. மாமியாருக்கும் அதுதான் தோது.

லீவு விட்ட கையோடு போய்விடுங்கள். கிறிஸ்மஸ் நெருங்க நெருங்க வெளிநாட்டவர் கூட்டத்தால் அறை விலை ஏறும். டிசம்பர் தொடக்கத்தில் மழை எட்டிப் பார்க்கும்தான், ஆனால் ஆகஸ்டில் போய்க் கொந்தளிக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அது மேல்.

காலிக் கோட்டைக்குள் இரண்டு இரவு போதும். வார நாட்களாகப் பார்த்து எடுங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் தெருக்கள் வரையத் தோதாகும். மீதி நாட்களுக்குக் காலிக்குப் பக்கத்துக் கடற்கரையான உனவட்டுன பக்கம் குசினியோடு ஒரு வீடு பாருங்கள். மாமியார் மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்வாரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்! இணையத்தில் டொலரில் போட்டிருக்கும் விலையை அப்படியே நம்பாமல், நேரே போன் போட்டு உள்நாட்டவர் விலை கேளுங்கள். கோட்டைக்குள் பரம்பரையாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் வீட்டில் அறை கொடுப்பதுண்டு. அவர்களிடம் தமிழிலேயே பேசலாம்.

போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் கல்லால் எழுப்பி, 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை இது. மகள் முதலில் பழைய வாயிலில் இருந்து தொடங்கட்டும். வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம். உள்பக்கம் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கமும் உச்சியில் ஒரு சேவலும். ஒரே சுவரின் இரு முகத்தையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தில் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள்; வெயில் ஏறியதும் ஒதுங்க நல்ல இடம்.

என்னைக் கேட்டால், பீரலு றேந்தை, அதாவது மரக்கட்டையில் நூல் சுற்றிக் கையால் போடும் லேஸ், பின்னும் ஒரு பெண்ணின் பக்கத்தில் ஒரு காலைப் பொழுதை முழுதாக உட்கார்ந்து கழிப்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய செலவும் பெரிய வரவும். கெட்டியான ஒரு தலையணை. அதன்மேல் கோலம் குறித்த தாள், தாளெங்கும் குண்டூசி. நூல் சுற்றிய மரக்கட்டைகள் சோடி சோடியாகத் தொங்கும். இந்தச் சோடியை அந்தச் சோடிக்கு மேலே போட்டு, ஒரு முறுக்கு, ஒரு ஊசி. கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் நிற்காது. கைவேகத்தைப் படத்தில் பிடிக்க முடியாது, அதனால் மகள் தலையணையை மட்டும் வரைந்தால் போதும். வரைவதற்கு முன் கேட்கவேண்டும், எழும்பும்போது சின்னத் துண்டாவது வாங்கவேண்டும். கடைகளில் மெசின் றேந்தையும் கைவேலை விலைக்குப் போகிறது. தலையணையும் கட்டையும் கண்முன்னே இருக்கும் வீட்டில் வாங்குவதே பத்திரம்.

இன்னொரு நாள் ரயிலில் அம்பலாங்கொடை. கதுரு என்ற இலேசான மரத்தில் முகமூடி செதுக்கும் ஊர். நோய் தருவதாக நம்பும் பேய்களைச் சன்னி என்பார்கள்; 18 சன்னி முகங்களும் 18 நோய்களுக்கு உரியவை. ஒவ்வொன்றிலும் வாய் கோணுவதையும் கண் பிதுங்குவதையும் பார்த்து வரைந்தாலே ஒரு கொப்பி நிரம்பும். கொக்கலவில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பேரிலுள்ள நாட்டார் நூதனசாலை அரை நாள் வேலை. ஆமைக் குஞ்சுப் பண்ணைகளை நான் சிபாரிசு செய்வதில்லை. தொட்டியில் கிடக்கும் ஆமையைப் பிள்ளைகள் ஆளாளுக்குத் தூக்கிப் பார்ப்பதில் ஒன்றுமில்லை.

மகனுக்கு வருவோம். நீச்சல் தெரியாத பிள்ளையை உனவட்டுனக் குடாவைத் தவிர வேறெங்கும் இறக்காதீர்கள். அங்கும் சிவப்புக் கொடி இல்லாத நாளில், இடுப்பளவுத் தண்ணீர் மட்டும், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடக்கூடாது, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தவேண்டும் என்பதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். கோட்டைக் கொடிப்பாறையில் இருந்து குதிக்கும் பொடியன்களைப் பார்த்து மகனுக்கும் ஆசை வரும். கீழே பாறை. அந்தப் பேச்சே வேண்டாம்.

போகும்போது இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியற்காலை கொழும்பு கோட்டை ஸ்டேஷன். அங்கிருந்து காலி ரயிலில் வலது பக்கம் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். மண்சரிவு என்றால் மலைப்பாதை நின்றுவிடும், அதனால் முதல்நாளே ஸ்டேஷனில் விசாரியுங்கள். ரயில் இல்லையென்றால் கொழும்புக்கு பஸ், பிறகு கொழும்புக்கு வெளியே மாக்கும்புர பஸ் நிலையத்தில் இருந்து அதிவேகப் பாதை பஸ்.

திரும்பும்போது காலியில் காலையிலேயே கிளம்பிக் கொழும்பில் இறங்கி, தேசிய நூதனசாலைக்கு ஒரு எட்டுப் போய்வாருங்கள். 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறித்த கல். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. அந்தத் தெனாவரை, காலிக்கும் மாத்தறைக்கும் அப்பாலுள்ள தேவேந்திரமுனைதான். அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல் தேய்ந்திருக்கிறது, தமிழ் எழுத்தை எடுத்த எடுப்பில் வாசிக்க வராது. மகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். இரவு மெயிலுக்கு அதன் பிறகும் நேரம் தாராளமாக இருக்கும்.