ரத்தக்காட்டேரி ஏன் பயமுறுத்த மாட்டேன் என்கிறது?

கேள்வி: என் திகில் நாவலில் ரத்தக்காட்டேரிதான் வில்லன். படித்தவர்கள் அவன்மேல் பரிதாபம் வருகிறது என்கிறார்கள், பயம் வரவில்லையாம். எங்கே திருத்துவது?

பதில்: முதலில் அவன் பேசும் பக்கங்களை வெட்டுங்கள். பல நூற்றாண்டுத் தனிமை, இழந்த காதல் என்று புலம்பத் தொடங்கினால் எந்தப் பிசாசும் மனிதனாகிவிடும். 1897இல் வந்த ரத்தக்காட்டேரி நாவல் ‘டிராகுலா’ பெரும்பாலும் நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான். ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு தன் மனதைத் திறந்து எழுதிய நாட்குறிப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் நேரில் வருவதே அபூர்வம்.

அடுத்தது கடிபட்டவரின் உடல். பெரும்பாலான கதைகள் கோட்டைவிடுவது இங்கேதான். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. முக்கால் லிட்டர் போனாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது நாடி படபடக்கும், தோல் வெளுத்துச் சில்லிடும், இனம்புரியாத பதற்றம் வரும். அதையும் தாண்டினால் ரத்த அழுத்தம் சரிந்து புத்தி தடுமாறும். 2 லிட்டருக்கு மேல் உயிர் ஊசலாடும். ஒரே இரவில் உறிஞ்சிக் கொன்றால் வாசகருக்கு அது இன்னொரு கொலை, அவ்வளவுதான். அரை அரை லிட்டராக, இடைவெளி விட்டு, வாரக்கணக்கில் எடுக்கட்டும். இழந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும்; சிவப்பணுக்கள் தேற வாரங்கள் ஆகும். அதனால் ஆள் நடமாடுவார், ஆனால் படியேறினால் மூச்சிரைக்கும், கீழ் இமையின் உட்புறம் வெளிறும். இரும்புச்சத்து தீர்ந்தவர்களில் சிலருக்கு ஐஸ் கட்டியோ மண்ணோ தின்னும் ஆசை வருவதுண்டு. நள்ளிரவில் தோட்டத்து மண்ணை அள்ளித் தின்னும் மனைவியைக் கணவன் பார்க்கட்டும். அது நோயா, அவள் மாறத் தொடங்கிவிட்டாளா என்று அவனுக்கும் தெரியக்கூடாது, வாசகருக்கும் தெரியக்கூடாது.

தோற்றத்தில் வெளிறிய அழகனை விட்டுவிடுங்கள். 18ஆம் நூற்றாண்டு செர்பியாவில் ரத்தக்காட்டேரி என்று சந்தேகித்துக் கல்லறை தோண்டியவர்கள் பதிந்துவைத்த உடல்கள் உப்பியவை, சிவந்தவை, வாயில் ரத்தம் வழிந்தவை. அழுகும்போது உண்டாகும் வாயு உள்ளிருக்கும் திரவத்தை வாய்வழியே தள்ளுவதால் அப்படி ஆகிறது. உப்பிய முகத்தின்மேல் யாருக்கும் காதல் வராது.

விதிகள் உங்கள் விருப்பம். நாவலின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். சூரிய ஒளி பட்டு அழியும் வழக்கம் 1922இல் ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தோடுதான் நிலைபெற்றது. எதை எடுத்தாலும் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சொல்லிவிடுங்கள், பிறகு மீறாதீர்கள். அழைக்காமல் நுழைய முடியாது என்று வைத்தால், அழைக்கப்போவது யார் என்பதே உங்கள் உச்சக்காட்சி: வாசலில் நிற்பது புதைத்த மகனாக இருந்தால் தாய் எத்தனை இரவு கதவைத் திறக்காமல் இருப்பாள்?